மூலமும் உரையும்: பல்கலைக்கழக அரங்கில் சீனத் திரைப்படம்

ஒரு நாட்டு மக்களை அறிந்துகொள்வதற்கு அவர்தம் மொழியைக் கற்பதும் நூல்களைப் பயில்வதும் நெடிய வழிகளாகும். திரைப்படமோ குறுகிய வழி. ஆதலால், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆசியப் பண்பாட்டு விழா நடைபெறும்போது சிங்க நடனம், தூரிகை எழுத்துக்கலை ஆகியவற்றோடு சீனத் திரைப்படம் ஒன்றும் காட்டப்படுகிறது. அக்குறுகிய வழி மாணவரை எங்குக் கொண்டு சேர்க்கிறது என்பது ஆராயத்தக்கது.

இத்தகைய விழாக்களில் பெரிதும் விரும்பப்படுவது, ஜாங் யிமோ 1991-இல் இயக்கிய ‘சிவப்பு விளக்கை உயர்த்து’ என்னும் படம். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்ட இளம்பெண் ஒருத்தி, 1920-களில் ஒரு செல்வர் வீட்டுக்கு நான்காம் மனைவியாகச் செல்கிறாள். எந்த மனைவியின் இல்லத்தில் தலைவன் அன்றிரவு தங்குவானோ, அவள் முற்றத்தில் சிவப்பு விளக்குகள் ஏற்றப்படும். காண்போர் இதனைப் பழைய சீனத்தின் வழக்கம் என்றே மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். உண்மையில் அப்படி ஒரு சடங்கு இருந்ததில்லை. படத்துக்கு மூலமான சூ தோங்கின் குறுநாவலிலும் அது இல்லை. இயக்குநர் படைத்துக்கொண்டதே அது. சீன எழுத்தாளர் தாய் சிங், இப்படம் அயல்நாட்டாரின் கண்களுக்கு விருந்தாக எடுக்கப்பட்டது எனக் கடிந்துரைத்தார்.

கற்பனை செய்வது கலைஞரின் உரிமை. அக்குடும்ப அமைப்பில் பெண்ணுக்கிருந்த ஆதரவற்ற நிலையை உணர்த்த அவர் கையாண்ட குறியீடு அவ்விளக்கு. ஆனால் ‘சீனப் பண்பாடு’ என்னும் தலைப்பிட்டு, விளக்கம் ஏதுமின்றி அதனைத் திரையிடும்போது குறியீடு வரலாறாகிவிடுகிறது. பிழை படத்தில் இல்லை. அதனைக் காட்டும் முறையில் உள்ளது.

இதற்கு மறுதலையான சான்றும் அதே இயக்குநரிடம் உண்டு. 1992-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற ‘சியு ஜூவின் கதை’யில், ஊர்த்தலைவர் தன் கணவனை உதைத்ததற்கு நியாயம் கேட்டு, கருவுற்ற உழவர் குலப் பெண் ஊர் ஊராக அலைகிறாள். தலைவர் இழப்பீட்டுப் பணத்தைத் தரையில் வீசுகிறார். அவள் குனிந்து பொறுக்க மறுக்கிறாள். அவள் வேண்டுவது ‘ஷுவோஃபா’. விளக்கம், மன்னிப்பு, நியாயம் ஆகிய மூன்றின் சாயலும் கொண்ட அச்சொல்லுக்கு நேரான ஒற்றைச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் காண்பது அரிது. துணைவாசகத்தை மட்டும் படிப்பவர் படத்தின் உயிர்நிலையையே இழந்துவிடுகிறார்.

குடிமக்கள் அரசு அலுவலர்மீது வழக்குத் தொடர வழிசெய்த சட்டம் சீனாவில் நடைமுறைக்கு வந்தது 1990 அக்டோபரில். படம் அச்சூழலில் பிறந்தது. இறுதியில், பேறுகால இரவில் அவளைக் காப்பாற்ற உதவிய அதே தலைவரைச் சட்டம் பதினைந்து நாள் காவலுக்குக் கொண்டுசெல்கிறது. அவளோ திகைத்து நிற்கிறாள். பெய்ஜிங் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சூ சூலி 1996-இல் இத்திகைப்பையே பொருளாகக் கொண்டு எழுதினார். ஊராரின் உறவுமுறைகளை அறியாத சட்டம் அவள் கேட்டதைக் கொடுக்காமல் கேளாததைக் கொடுத்தது என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று தொடங்கிய விவாதம் சீனச் சட்டக் கல்வியில் நெடுங்காலம் நிலைத்தது. ஒரு திரைப்படத்தைப் பல்கலைக்கழகம் எவ்வாறு பயன்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நம் கல்வி மரபில் மூலத்தை உரையின்றிப் பாடம் சொல்வதில்லை. திரையிடலுக்கும் அந்நெறி பொருந்தும். படத்துக்கு முன் காலமும் இடமும் கூறும் சிற்றுரை, மொழியறிந்தவர் தரும் சொல்விளக்கம், படத்துக்குப் பின் அரை மணி நேர வினா-விடை ஆகியவை போதும். வளாகத்தில் சீன மாணவர் இருப்பின், அவர்களைக் காட்சிப்பொருளாக்காமல், ‘உங்கள் ஊரில் இப்படித்தானா?’ என்று கேட்டு, அவர்கள் ‘இல்லை’ என்று சொல்வதற்கும் இடமளிக்க வேண்டும். அவ்விடம் இல்லாத விழாவில், ஓர் அயல்நாட்டைப் பற்றி முன்பே கொண்டிருந்த எண்ணத்தையே மாணவர் வண்ணப் படமாக மீண்டும் கண்டு திரும்புவர்.