மாலத்தீவு ட்ரிப்: 100 டாலர் ரூம் எப்படி 140 டாலர் ஆகுது?

மாலத்தீவுக்குப் போக இந்தியர்களுக்கு டூரிஸ்ட் விசா, இறங்கினதும் இலவசமா கிடைக்குது. ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் கையில் இருக்கணும். அதனால பலரும் ஃப்ளைட்டையும் ரூமையும் மட்டும் கூட்டிப் பார்த்துட்டு புக் பண்ணிடுறாங்க. பட்ஜெட்ல துண்டு விழுறது இங்கதான்.

ரெண்டு பிளஸ் குறி

ரூம் விலைக்குப் பக்கத்துல '++' இருந்தா உஷார். ஒண்ணு சர்வீஸ் சார்ஜ், பொதுவா 10%. இன்னொண்ணு சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து 17%. இது போக பசுமை வரி தனி. ஒரு ஆளுக்கு, ஒரு இரவுக்கு ரிசார்ட்ல 12 டாலர். மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுல இருக்குற சின்ன கெஸ்ட்ஹவுஸ்ல 6 டாலர்.

ரெண்டு பேர் தங்குற 100 டாலர் கெஸ்ட்ஹவுஸ் ரூமுக்குக் கணக்கு போடுவோம்:

- சர்வீஸ் சார்ஜ் சேர்த்து: 110
- அதுக்கு மேல 17% வரி: 128.70
- பசுமை வரி 12 சேர்த்து: 140.70

3 இரவுன்னா, 300 இல்ல, 422 டாலர்!

படகுக்கும் காசு

ஏர்போர்ட்டிலிருந்து தீவுக்குப் போற செலவை புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க. தூரத்து ரிசார்ட்டுக்கு சீப்ளேன்னா ஒரு ஆளுக்கே சில நூறு டாலர் ஆகும். அது பகல்ல மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் லேட்டா இறங்கினா, ஒரு ராத்திரி மாலே பக்கம் தங்குற செலவும் சேரும்.

கார்டு தேய்க்கும்போது

பல கிரெடிட் கார்டுகள்ல ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5% வரை போகும், அதுக்கு ஜிஎஸ்டி வேற. மெஷின்ல 'ரூபாயா, டாலரா?'ன்னு கேட்டா டாலரையே தேர்ந்தெடுங்க. ரூபாய்னு அழுத்தினா கடைக்காரர் பக்கம் போடுற ரேட்ல மாத்துவாங்க. அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

லோன் வேண்டாமே

மொத்தம் 1,50,000 ரூபாய் ஆகும்னு வெச்சுக்குங்க. 15% வட்டியில 12 மாச பர்சனல் லோன் எடுத்தா ஈஎம்ஐ சுமார் 13,540. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 12,500. அதுக்குப் பதிலா மாசம் 12,500 ரூபாயை ஆர்டியில 12 மாசம் போடுங்க. கடன் இல்லாம போயிட்டு வரலாம், வட்டியும் உங்களுக்கே.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம், ரூம் விலையும் உச்சம். மே முதல் அக்டோபர் வரை மழை வரலாம், ஆனா ரேட் குறையும். எதுவானாலும், 'எல்லா வரியும் படகும் சேர்த்து எவ்வளவு?'ன்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் பணம் கட்டுங்க.