நான்கு மொழிகளுக்கு நடுவே ஒரு பச்சிளம் காது

சூளகிரி வட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது பேரிகை. வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், பக்கத்துத் தெருவில் உருது. இங்கே இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. மாலூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த குடும்பங்களோடு இந்தியும் ஒடியாவும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டன. தொட்டிலில் கிடக்கும் ஒரு கைக்குழந்தையின் காதில் இத்தனை மொழிகள் விழுகிற இடங்கள் தமிழ்நாட்டில் குறைவு.

இப்படி ஒரு வீட்டில் இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லை என்றால் பெரியவர்களிடம் மூன்று சமாதானங்கள் தயாராக இருக்கும். "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும்" என்பது ஒன்று. "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாய் திறந்தான்" என்பது இன்னொன்று. "நாலு பாஷை கேட்டா பிள்ளை குழம்பாம என்ன செய்யும்?" என்பது மூன்றாவது. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் குழந்தையின் காது வேலை செய்கிறதா என்று யாரும் பார்க்காமலேயே ஒரு வருடம், இரண்டு வருடம் போய்விடுகிறது. அந்த வருடங்களைத் திரும்பப் பெற முடியாது.

கேட்பது பிறந்த பிறகு தொடங்கும் வேலை அல்ல. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நத்தை எலும்பு கருவின் 20-ஆவது வாரத்திலேயே ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது. 25 முதல் 28 வாரங்களுக்குள் கரு ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. தாயின் வயிற்றையும் கருப்பை நீரையும் தாண்டிப் போகும்போது கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும்தான் மிச்சமாகப் போய்ச் சேரும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களை 1980-ல் அமெரிக்காவில் ஆந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் சோதித்தார்கள். குழந்தையின் வாயில் ரப்பர் சூப்பான். ஒரு விதமாகச் சப்பினால் காதில் அம்மாவின் குரல், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். எப்படிச் சப்பினால் அம்மா குரல் வருகிறது என்பதைக் குழந்தைகள் கண்டுபிடித்து அப்படியே சப்பின. பிறப்பதற்கு முன்பே பழகிய குரல் அது.

இரண்டு மொழி பேசும் தாய்க்குப் பிறந்த குழந்தை? கனடாவின் வான்கூவரில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரான பதில் தந்தது. கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் நாட்டு டகாலோக்கும் பேசிய தாய்மாரின் சிசுக்கள் இரண்டு மொழியையும் ஆர்வமாகக் கேட்டன. அதோடு, ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தும் அறிந்தன. குழப்பம் எதுவும் இல்லை. தெலுங்கு பேசும் அவ்வாவும் (பாட்டியும்) தமிழ் பேசும் அம்மாவும் வளர்க்கும் பேரிகைக் குழந்தைக்கும் இது பொருந்தும். சில குழந்தைகள் இரு மொழிகளையும் கலந்து பேசலாம். ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் பேச்சே வராமல் போவதற்குப் பல மொழி காரணம் அல்ல. அந்தப் பழியை மொழிகள் மீது போடுவதை நாம் விட்டுவிட வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு உலகத்தில் எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் பிரித்தறியும் திறன் அனேகமாக இருக்கிறது. 'பட்டு', 'பத்து' என்ற இரண்டையும் நாம் யோசிக்காமலே பிரிக்கிறோம்; ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த பெரியவருக்கு அந்த 'ட'வும் 'த'வும் ஒன்றாகவே கேட்கும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டையே இந்தி ஒலிகளைக் கொண்டு சோதித்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இரண்டையும் பிரித்தன. 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் போய்விட்டது. மூளை தன்னைச் சுற்றிப் புழங்கும் ஒலிகளுக்கு இடம் வைத்துக்கொண்டு, புழங்காதவற்றைத் தள்ளிவிடுகிறது. அப்படியானால் எந்த ஒலியுமே வந்து சேராத மூளை என்ன செய்யும்? அது சும்மா இருப்பதில்லை. கேட்பதற்கென்று ஒதுக்கிய பகுதியைப் பார்வை, தொடுகை போன்ற வேறு வேலைகள் மெல்ல எடுத்துக்கொள்கின்றன. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தைகளின் மூளைத் துடிப்புகளை அளந்த அனு சர்மா குழுவினர், காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற உள்காதுக் கருவியைப் பொருத்த மூன்றரை வயதுக்கு முந்தைய காலமே மிக உகந்தது என்றும், ஏழு வயதுக்கு மேல் பலன் வெகுவாகக் குறைகிறது என்றும் 2002-ல் காட்டினார்கள்.

செவித்திறன் இல்லாமல் பிறப்பதற்குப் பல வழிகள் உண்டு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தையின் காது, கண், இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தின் முதல் கட்டத்திலேயே கர்நாடகத்தோடு தமிழ்நாடும் இருந்தது. குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் காதைக் கெடுக்கும். இந்தத் தொழிற்பேட்டைப் பகுதி கவனிக்க வேண்டிய இன்னொன்று இரைச்சல். சுவீடனில் சுமார் 14 லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வு இது: கர்ப்ப காலம் முழுவதும் 85 டெசிபலுக்கு மேலான இரைச்சலில் முழுநேரம் வேலை பார்த்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் கேள்திறன் கோளாறு வரும் அபாயம் ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல். தாய் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அது உதவாது. ஸ்டாம்பிங், பிரஸ் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் கர்ப்பிணியை வேறு பிரிவுக்கு மாற்றுவதை எந்தத் தொழிற்சாலையும் சலுகையாக நினைக்கக் கூடாது.

ஆனால் பிறவிச் செவிடு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மரபணுவிலிருந்து வருகிறது. அதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 13-ஆவது குரோமோசோமில் இருக்கும் ஜிஜேபி2 என்ற மரபணு. 226 அமினோ அமிலங்கள் கொண்ட கனெக்சின் 26 என்ற சிறிய புரதத்துக்கான கட்டளை இதில் இருக்கிறது. காதுக்குள் ஒலி வந்து முடிச்செல்களை அசைக்கும்போது பொட்டாசியம் அயனிகள் அவற்றுக்குள் பாய்கின்றன. அடுத்த ஒலிக்கு முன் அவை வெளியேறி மீண்டும் சுற்றுக்கு வர வேண்டும். பக்கத்துச் செல்களுக்கு இடையே அதற்கான வாசல்களை அமைப்பது இந்தப் புரதம்தான். இந்தியாவில் அதிகம் காணப்படும் பிழை, 24-ஆவது இடத்தில் டிரிப்டோபன் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துகளில் ஒன்று மாறிவிடுவது. மாறிய எழுத்து 'இத்தோடு நிறுத்து' என்ற கட்டளையாகிவிடுகிறது. 226 சொற்கள் கொண்ட வாக்கியத்தில் 23-ஆவது சொல்லோடு முற்றுப்புள்ளி விழுந்ததைப் போல, புரதம் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. இந்தப் பிழையைச் சுமக்கும் பல இந்தியக் குடும்பங்களை ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வு, நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையரிடமிருந்து அது வழிவழியாக வந்திருக்க வேண்டும் என்று காட்டியது.

ஒரே ஒரு பிழைப்பிரதி இருந்தால் எதுவும் தெரியாது. காது நன்றாகவே கேட்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டும் பிழையாக வந்தால்தான் குறை. இங்கேதான் சொந்தத்தில் கல்யாணம் கணக்குக்குள் வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்கு 11 பேர் உறவில் மணம் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28, கர்நாடகத்தில் 27. ராதா ராமா தேவி, அப்பாஜி ராவ், ஆலன் பிட்டில்ஸ் ஆகியோர் 1980-களில் பெங்களூர், மைசூர் மகப்பேறு மருத்துவமனைகளில் பல்லாயிரம் பிரசவங்களைப் பதிவு செய்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு தம்பதி உறவினர்களாக இருந்தார்கள். அவர்களில் பலர் தாய்மாமனும் அக்கா மகளும்.

ஓர் ஆணிடம் ஒரு பிழைப்பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அக்கா மகளிடமும் அதே பிரதி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளிடமோ அத்தை மகளிடமோ என்றால் எட்டில் ஒன்று. உறவே இல்லாத பெண் என்றால், அந்தப் பிழையை ஊரில் எத்தனை பேர் சுமக்கிறார்களோ அவ்வளவுதான் வாய்ப்பு. அது மிகக் குறைவு. கணவன் மனைவி இருவரிடமும் இருந்துவிட்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். மூத்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, அதனால் அடுத்த மூன்றும் நன்றாகப் பிறக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்தத்தில் மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன. குறை வரும்போது அதில் தந்தைக்கும் தாய்க்கும் சரிபாதிப் பங்கு. ஆனாலும் பேச்சு கேட்பவள் அம்மாதான்: கிரகணத்தில் வெளியே வந்தாள், அதைத் தின்றாள், இதைப் பார்த்தாள் என்று. மரபணுவில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. நிலம், சீர், சொந்தபந்தம், வயதான காலத்தில் பெண்ணுக்கு ஆதரவு என்று உறவுத் திருமணத்துக்குக் குடும்பங்கள் சொல்லும் காரணங்களும் உண்மையானவை. வைது திருத்துவதைவிட, குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருந்தால் பெண் பார்ப்பதற்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல்வது பயன் தரும்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கண்டுபிடிப்பது இப்போது எளிது. 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்த ஒரு விநோதம் அதற்கு வழி திறந்தது: ஆரோக்கியமான காது ஒலியைக் கேட்பதோடு, மிக மெல்லிய ஒலியைத் தானும் வெளியிடுகிறது. வெளி முடிச்செல்கள் துடிக்கும்போது எழும் ஒலி அது. பால் குடித்துத் தூங்கும் சிசுவின் காதில் மென்மையான ஒரு முனையை வைப்பார்கள். அதற்குள் ஒரு குட்டி ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் உண்டு. கிளிக் கிளிக் என்று ஒலி உள்ளே போகும். காது திருப்பி அனுப்புவதை ஒலிவாங்கி பிடிக்கும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரையில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வரும். முதல் நாளில் காதுக்குழாயில் பிரசவ ஈரமும் மாவுப்பூச்சும் அடைத்திருந்தால் நல்ல காதுக்கும் 'ரெஃபர்' வரலாம். பதறாமல் மறுபடி எடுக்க வேண்டும். மறுபடியும் அதுவே வந்தால் 'பெரா' எனப்படும் மூளைத்தண்டுச் சோதனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும், காமாலை கடுமையாக இருந்த குழந்தைக்கும் முதல் சோதனையில் 'பாஸ்' வந்தாலும் 'பெரா' எடுப்பதே சரி. அவர்களுக்குக் காது நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருக்கலாம்.

உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் இலக்கு ஒன்று, மூன்று, ஆறு: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். இந்தியாவில் 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்கிரம் திட்டம் தேடும் குறைகளில் பிறவிக் காதுகேளாமையும் ஒன்று. மேல்பரிசோதனைக்கு மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாடு காக்ளியர் இம்ப்ளான்ட் வழங்குகிறது. கூலி வேலை செய்யும் குடும்பம் நினைத்தே பார்க்க முடியாத செலவு அது. தமிழ்நாடு அரசின் பெருமைக்குரிய வேலைகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஆறு வயது என்பது விண்ணப்பத்துக்கான எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளை விதிக்கும் கெடு அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

கருவி பொருத்தாத குழந்தைக்கும் மொழி உண்டு. காது கேளாத பெற்றோரின் காது கேளாத கைக்குழந்தைகள், மற்ற குழந்தைகள் 'பாபா' என்று மழலை பேசும் அதே பருவத்தில் விரல்களால் மழலை பேசுகின்றன என்று லாரா பெட்டிட்டோவும் பாவ்லா மாரென்டெட்டும் 1991-ல் எழுதினார்கள். மூளைக்குத் தேவை ஒரு மொழி. அது கை வழியாகவும் வரலாம். கருவி கிடைக்கும்வரை குழந்தையை எந்த மொழியும் இல்லாமல் வைத்திருப்பதுதான் பெருந்தவறு. சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற பயத்தில் அதைத் தடுக்கும் பெற்றோர் இந்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் வெறும் ஒலி போதாது. 2003-ல் சியாட்டிலில் பெட்ரீஷியா கூல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்களை 12 முறை விளையாட விட்டார். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரிக்கக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஷிப்டுக்குப் போகும் அம்மா வரும்வரை கைபேசியில் ஓடும் பாட்டு குழந்தையின் அழுகையை நிறுத்தும், மொழி தராது. மொழி தருவது எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசும் அவ்வாவும், அங்கன்வாடி ஆயாவும், மூத்த அக்காவும்தான். அவர்கள் தெலுங்கில் பேசினாலும் சரி, கன்னடத்தில் பேசினாலும் சரி.

காது கேளாத குழந்தைக்கோ, கருவி பொருத்திய பிறகுதான் வேலை தொடங்குகிறது. இதுவரை கேட்டிராத மூளைக்கு எது கதவுச் சத்தம், எது பெயர், எது சொல் என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். மாதக்கணக்கில், வாரத்துக்குப் பல நாள், குழந்தையோடு தாயோ தந்தையோ உட்கார வேண்டிய பயிற்சி அது. ரோஜாக் குடில்களிலும் தக்காளிக் காடுகளிலும் நாள்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். பிள்ளையை வீட்டுத் தெலுங்கில் பழக்குவதா, பள்ளித் தமிழில் பழக்குவதா என்ற கேள்வியும் அங்கே எழும். பேச்சுப் பயிற்சியாளர் சூளகிரி, பாகலூர் போன்ற இடங்களுக்கு வாரம் தவறாமல் வருவதும், வீட்டில் பேசும் மொழியிலேயே பயிற்சி தருவதும், பயிற்சி நாளுக்குத் தாய்க்கு ஈட்டுக்கூலி கொடுப்பதும் லட்சங்கள் பெறும் அந்தக் கருவியோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டியவை.