சுரப்பி இல்லாத உயிரிக்கும் ஹார்மோன் புரியுமா?

பத்தாம் வகுப்பில் ‘தாவர மற்றும் விலங்கு ஹார்மோன்கள்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாளமில்லாச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே இலக்கு உறுப்பை அடைகின்றன என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், பாரமீசியம் இருக்கிற தண்ணியில இன்சுலின் ஊத்தினா என்ன ஆகும்?”

“அதுக்கு இரத்தமே கிடையாதே, ஒண்ணும் ஆகாது” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை தேடிப் படித்தபோதுதான், அவசரப்பட்டது நான் என்று புரிந்தது.

பாரமீசியத்தைப் போலவே குறுஇழைகளால் நீந்தும் நன்னீர் உயிரி டெட்ராஹைமினா. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஜியார்ஜி சாபா குழுவினர் இதற்கு இன்சுலின் கொடுத்துப் பார்த்தனர். செல் இன்சுலினைப் பற்றிக்கொண்டது. மறுமுறை கொடுத்தபோது முன்னைவிட அதிகமாகப் பற்றியது. பிளவுற்று உருவான சேய்செல்களிலும் இம்மாற்றம் தொடர்ந்தது.

நோய் உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா, நம் அட்ரினலினை உணர்கிறது என 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியாக்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வேதிச் செய்தியை உணரும் அதே ஏற்பிதான் அட்ரினலினையும் உணர்கிறது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஈஸ்ட் தன் இணையை அழைக்கச் சுரக்கும் சிறு புரதத்தில் 13 அமினோ அமிலங்கள். 1982இல் இதை எலியின் பிட்யூட்டரி செல்களுக்குக் கொடுத்தபோது, அவை இனப்பெருக்க ஹார்மோன் ஒன்றை வெளிவிட்டன.

இம்மூன்றிலும் பொதுவானது ஏற்பி. உணவையும் ஆபத்தையும் இணையையும் அறிய, ஒற்றைச் செல்லும் சுற்றியுள்ள வேதிப்பொருள்களை உணர்ந்தாக வேண்டும். செய்தியை வாங்கும் இத்திறன் சுரப்பிகள் தோன்றுவதற்கு முன்பே செல்களில் இருந்தது. ஆனால், நம் உடலில் இன்சுலின் செய்யும் வேலை முழுவதையும் டெட்ராஹைமினாவிலும் செய்கிறது என்று மாணவர்கள் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் வகுப்பில், “நேத்து நான் சொன்னது தப்பு, அவ கேட்டதுதான் சரியான கேள்வி” என்று சொல்லிவிட்டு, பூட்டும் சாவியும் வரைந்து ஏற்பியை விளக்கினேன். முந்தைய நாள் வரையறையின் கீழே ‘ஏற்பி உள்ள செல்லே பதில் தரும்’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

அவள் மீண்டும் எழுந்தாள். “அப்போ நம்ம உடம்புலயே ஏற்பி இல்லாத செல்லுக்கு ஹார்மோன் வந்தா?”

இம்முறை நான் பதில் சொல்லவில்லை. வகுப்பைப் பார்த்தேன். நான்கு கைகள் உயர்ந்தன.