சாடித் தக்காளியும் சுண்ணாம்பும்

சாடியில் வளர்த்த தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து அழுகக் கண்டதும், கல்சியம் போதாதெனச் சுண்ணாம்பை அள்ளியிடுவோர் பலர். யானும் அவ்வாறு செய்து இரண்டு செடிகளை இழந்தவனே.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. அதிற் கல்சியம் குறைவது அரிது. அந்நீரூற்றும் சாடியிற் சுண்ணாம்பும் சேர்ந்தால் மண்ணின் காரத்தன்மை மிகும், இரும்புச்சத்து வேருக்குக் கிட்டாது, இளந்தளிர்கள் மஞ்சளிக்கும்.

கல்சியம் நீரோடுதான் காய்க்கு ஏறும். ஒருநாள் வறண்டு மறுநாள் நீர் தேங்கும் சாடியில் அவ்வோட்டம் தடைப்படும். ஆகவே, நாள்தோறும் அளவாக நீரூற்றுவதே முதற் பரிகாரம்.

தக்காளிக்கு உகந்த பீ.எச். 6 முதல் 6.8 வரை. மலைநாட்டுத் தேயிலை மண்போல் அமிலம் மிக்கதாயின் டொலமைற்றுத் தூள் தகும். பீ.எச். சரியாயிருந்து கல்சியம் மட்டும் குறைந்தால் ஜிப்சம் போதும், அது பீ.எச். அளவை உயர்த்தாது. நோயறியுமுன் மருந்திடாதிருப்போமாக.