கழுவியும் போகாத அழுக்கு

அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படியும் எண்ணூர்ப் பகுதியில் வீட்டைத் துடைப்பது அன்றாட வேலை. துறைமுகத்தில் கிரேனை இயக்குபவர் கம்பிவடத்தைச் சோதித்துப் பார்ப்பது அவர் கடமை. சாம்பல் போனதும் துடைப்பது நிற்கிறது. வடம் சரியாக இருந்தால் சோதனை முடிகிறது.

சிலருக்கு மட்டும் அது முடிவதே இல்லை. கை சுத்தமாகிவிட்டது என்று அவர்கள் அறிவு சொல்கிறது. ஆனால் 'இன்னும் அழுக்கு' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கிறது. அதைத் தணிக்க மறுபடியும் கழுவுகிறார்கள். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் வீட்டில், ஒருவரே இரண்டு குடம் நீரைக் கை கழுவத் தீர்த்தால் சண்டை வராதா? ஆனால் இது பிடிவாதம் அன்று, நோய். எண்ணச் சுழற்சி நோய் என்பது இதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஓ.சி.டி. என்பார்கள். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயதுவந்த 1000 பேரில் சுமார் 8 பேருக்கு இது உண்டு.

பரம்பரை நோயா?

இந்தக் கேள்விக்கு அஞ்சியே பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. வீட்டுப் பெண்ணின் கல்யாணம் தடைப்படுமோ என்ற கவலை அவர்களுக்கு. அறிவியல் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு நெஸ்டாட் குழுவினர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவினர் 100 பேரில் சுமார் 12 பேருக்கு இந்நோய் இருந்தது. மற்றவர்களின் உறவினரில் சுமார் 3 பேருக்கே இருந்தது. நான்கு மடங்கு வேறுபாடு! ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள்: 88 பேருக்கு நோய் வரவில்லை.

தாயைப் பார்த்து மகன் பழகிக்கொண்டதாக இருக்கலாமே? இதற்கு இரட்டையர்கள் விடை தருகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரு கரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதியே பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள். எனினும், இருவருக்கும் சேர்ந்து இந்நோய் வருவது ஒரு கரு இரட்டையரிடமே அதிகம். எனவே மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு கரு இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. எனவே மரபு மட்டுமே காரணம் அன்று.

கப்பலும் சரக்கும்

இந்நோய்க்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை. 53,660 நோயாளிகளையும் நோயற்ற 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. நோயோடு தொடர்புள்ள 30 இடங்களை அது மரபுப் பொருளில் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது.

கப்பலில் சரக்குப் பெட்டிகளை ஏற்றுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு பெட்டியால் கப்பல் மூழ்காது. பல பெட்டிகள் சேரும்போது கப்பல் சற்றே அமிழ்கிறது. கடல் அமைதியாக இருந்தால் அப்போதும் ஆபத்தில்லை. புயல் வந்தால்தான் தொல்லை. மரபணுக்கள் சரக்கைப் போன்றவை. வாழ்க்கையின் அதிர்ச்சிகளும் நெருக்கடிகளும் புயலைப் போன்றவை.

அந்த 2025ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐரோப்பிய வழியினர். நம் மக்களைப் பற்றி அறிய நம் நாட்டிலும் ஆய்வு வேண்டும் அல்லவா? பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் தேசிய உயிரியல் ஆய்வு மையமும் பிற நிறுவனங்களும் இதில் இணைந்துள்ளன. ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் இருந்தால், அவர்களின் இரத்த அணுக்களிலிருந்து குருத்தணுக்களை உருவாக்கி ஆராய்கிறார்கள்.

வழி உண்டு

மரபில் வந்தது மாறாது என்று எண்ண வேண்டாம். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் ஒரு பயிற்சி முறையை அறிவித்தார். நோயாளி தாம் அஞ்சும் பொருளைத் தொட வேண்டும். ஆனால் கழுவக் கூடாது. பதற்றம் முதலில் ஏறும். பிறகு தானாகவே இறங்கும். பயிற்சி பெற்றவர் துணையுடன் படிப்படியாகச் செய்தால் பலர் நலமடைகிறார்கள். மூளையில் செரோட்டோனின் மீது செயற்படும் மருந்துகளும் உதவுகின்றன.

வடசென்னை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம். நீரிழிவு நோயும்தான் குடும்பத்தில் வருகிறது. அதை யாரும் மறைப்பதில்லை. இதையும் மறைக்க வேண்டியதில்லை. மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் சிகிச்சை தள்ளிப்போகிறது, துன்பம் நீள்கிறது.