கல்லாவோரத்து மணி பிளான்ட்

மளிகைக் கடையானாலும் மொத்த வியாபார மண்டியானாலும், கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படம், அதன் பக்கத்தில் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் என்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கொடி படர்ந்தால் கையில் பணம் புரளும் என்பது நம்பிக்கை. அடுத்தவர் வீட்டில் கேட்காமல் கிள்ளி வந்தால்தான் நன்றாக வளரும் என்று சொல்வோரும் உண்டு. கடையில் சரக்குத் திருட்டைத் தடுக்கவே திண்டாடும் நாம் அதை ஆதரித்து எழுதுவதற்கில்லை!

நம்பிக்கை அவரவர் விஷயம். ஆனால் ஆசையாக வாங்கி வைத்த பிறகு அந்தப் பாட்டிலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே நமது குறை. வெள்ளையும் மஞ்சளுமாய் வந்த இலை சில மாதங்களில் வெறும் பச்சையாகிவிடுகிறது. பாட்டிலின் அடியில் பாசி. சில கடைகளில் அதற்குள் கொசுப்புழு.

முதலில் கொசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டிலும் கடையிலும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடுகிறது. மணி பிளான்ட் பாட்டில் அதற்குக் கட்டி வைத்த வீடு போன்றது. அது கடிப்பதும் பகலில். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நாம், எதிரே நிற்பவர் வாடிக்கையாளர். நம் ஊர் வெயிலில் முட்டை புழுவாகிக் கொசுவாய்ப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். கடை விடுமுறைக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் மட்டும் தீராது. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் அது கெடாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே பாட்டிலின் உட்சுவரைப் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் ஓடும் நீரில் அலசலாம். பாட்டில் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சை அடைத்துவிட்டால் கொசு உள்ளே போக வழியில்லை. மண்தொட்டியில் வைத்திருப்பவர்கள் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை மறக்கக் கூடாது. வழிந்த நீர் அங்கேதான் தேங்குகிறது. கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேங்கவிடக் கூடாது என்று 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. நகராட்சி, மாநகராட்சிப் பணியாளர்கள் சோதனைக்கு வரும்போது கடைகளுக்கு அபராதம் விதிப்பதும் நாம் அறிந்ததே.

வெள்ளை ஏன் மறைகிறது?

இந்தக் கொடி நம் மண்ணுக்கு உரியதன்று. பசிபிக் கடலில் தாஹிதிக்குப் பக்கத்திலுள்ள மூரியா என்ற தீவு இதன் தாயகம். காட்டில் பெரிய மரங்களைப் பற்றி உச்சி வரை ஏறி, முறம் போன்ற இலை விடும். நம் கடையில் காணும் சிற்றிலை அதன் இளம் பருவமே. பணம் காய்க்கும் என்று வைக்கிறோமே, இது பூப்பதே மிக அபூர்வம். பூக்கத் தூண்டும் ஜிப்ரெல்லின் என்ற பொருள் இக்கொடியில் போதுமான அளவு உண்டாவதில்லை என்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இலையில் பச்சையாக உள்ள பகுதிதான் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. வியாபாரக் கணக்கில் சொன்னால் பச்சை சம்பாதிக்கிறது, வெள்ளை உட்கார்ந்து சாப்பிடுகிறது. வெளிச்சம் குறைந்தால் வருமானம் குறைகிறது. புதிதாக வரும் இலைகளில் செடி பச்சையைக் கூட்டிக்கொள்கிறது. நம் கடைகள் பெரும்பாலும் வாசல் குறுகி உள்ளே நீண்டவை. பின்கோடியில் டியூப் லைட் வெளிச்சத்தில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் அழகு இருக்காது. வாசலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் வையுங்கள். மேற்குப் பார்த்த கடையில் பிற்பகல் வெயில் நேராக விழுந்தால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும், அங்கே சற்று ஒதுக்கி வைக்கலாம். இடமே இல்லாதவர்கள் இரண்டு தொட்டி வைத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டு வராந்தாவிலுமாக மாற்றி மாற்றி வைப்பது நல்ல ஏற்பாடு.

முழுப்பச்சையாகிப் போன கிளையை வெட்டிவிடுங்கள். விட்டால் அதுவே வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

எங்களைக் கேட்டால், பாட்டிலைவிட மண்ணே மேல். தொட்டிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. கடையில் காலியாகும் 5 லிட்டர் எண்ணெய் கேனை வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, அடியில் நான்கைந்து துளையிட்டால் தொட்டி தயார். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலந்து நிரப்பலாம். தென்னை நார்க்கழிவு கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம். இந்தச் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். கடைப்பையன் தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது இதற்கும் ஒரு சொம்பு ஊற்றிவிடுவான், வேர் அழுகி இலை மஞ்சளாகும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அரிசி மூட்டைக்கு மேலே தொட்டியைத் தொங்கவிட வேண்டாம்; சொட்டும் நீர் மூட்டையைத்தான் கெடுக்கும்.

புதுச்செடி வேண்டுமென்றால் கணுவுக்குக் கீழே வெட்ட வேண்டும். கணுவில் பழுப்பு நிறத்தில் சிறு முளை போல் தெரிவதுதான் வேராகும். கணு இல்லாமல் இலையை மட்டும் கிள்ளி வைத்தால் தளிர் வராது. இலை உதிர்ந்து கயிறாய்த் தொங்கும் கொடியையும் இப்படி வெட்டி, அதே தொட்டியில் ஊன்றினால் செடி அடர்த்தியாகிவிடும். வெள்ளை நன்றாக விழுந்த கொடியிலிருந்து எடுப்பது முக்கியம்.

மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் கடையில் இலையில் தூசி படியாமல் இராது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும், பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். உணவுப் பொருள் விற்கும் இடத்தில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

இது காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். 1989-இல் அமெரிக்காவின் நாசா மூடிய சிறு பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்த பேச்சு அது. காற்றோட்டமுள்ள சாதாரண அறையில் அந்தப் பலன் கிடைக்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-இல் வெளியான மறு ஆய்வு கணக்கிட்டது. ஷட்டரையும் ஜன்னலையும் திறந்து வைப்பதே அதைவிட மேல்.

வெற்றிலை விற்கும் கடைக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மணி பிளான்ட் இலை தூரப் பார்வைக்கு வெற்றிலை போலவே இருக்கும். ஆனால் இது சேம்பு, கருணைக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. கருணையைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கில் ஏற்படும் காறலுக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இந்த இலையிலும் உண்டு. வாயில் போட்டு மென்றால் எரியும், உதடும் நாக்கும் வீங்கும். வெற்றிலைக் கூடைக்குப் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் படரவிடுங்கள். தெரியாமல் ஒரு குழந்தை கடித்துவிட்டால் வாயை நன்றாகக் கழுவிக் குளிர்ந்த நீரோ பாலோ கொடுக்கலாம். வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொங்கலுக்கோ குடும்ப விசேஷத்துக்கோ கடையை நாலைந்து நாள் பூட்டுபவர்கள், பூட்டும் முன் தொட்டித் தட்டில் உள்ள நீரைக் கொட்டிவிட்டுப் போகவும். பாட்டில் கொடியை வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம்.