இரண்டு அடையாளம் இருந்தால் ஒளிரும் டி.என்.ஏ.

பத்தாம் வகுப்பில் எச்.ஐ.வி. பற்றி நடத்தும்போது சிடி4 எண்ணிக்கையைக் குறிப்பிடுவேன். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அது 200க்குக் கீழே குறைந்தால் எய்ட்ஸ் நிலை எனக் கொள்வர். "லிம்போசைட்டுகள் எல்லாம் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரிகின்றனவே, எப்படிப் பிரித்து எண்ணுகிறார்கள்?" என்பது மாணவர்கள் கேட்கும் நல்ல கேள்வி.

செல்லின் வெளிப்பரப்பிலுள்ள புரதங்களே அதன் அடையாளம். ஆனால், ஓர் அடையாளம் போதாது. சிடி4 புரதம் உதவி டி செல்லில் உண்டு, மோனோசைட்டிலும் உண்டு. சிடி3 புரதமோ எல்லா வகை டி செல்களிலும் உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது உதவி டி செல். ஆய்வகக் கருவி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைக் கொண்டு இரண்டையும் பார்த்துப் பிரிக்கிறது.

இந்த முடிவைச் செல்லின் மேலேயே டி.என்.ஏ. எடுக்க முடியும் என்று 2013இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிலன் ஸ்டோயனோவிச் குழுவினர் காட்டினர். அடிப்படை நாம் நடத்தும் பாடம்தான்: அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் சேரும். குறைந்த எழுத்துகளில் பொருந்தியுள்ள இழையை, கூடுதல் எழுத்துகளில் பொருந்தும் இழை விலக்கிவிடும். எதிர்ப்பொருள்களில் டி.என்.ஏ. இழைகளைக் கோத்து, மனித இரத்தச் செல்களின் சிடி45, சிடி20 புரதங்களில் ஒட்டவைத்தனர். முதல் புரதத்திடம் விடுபடும் இழை அதே செல்லின் இரண்டாம் புரதத்தை அடைந்தால் ஒளிரும் குறி அங்கே பதியும். இரண்டும் உள்ள பி செல்களே குறியைப் பெற்றன. மேல்நிலை இயற்பியலில் வரும் 'ஆண்ட்' லாஜிக் கேட் இதுவே.

நான் வகுப்பில் செய்யும் செயல்பாடு: சிலருக்கு நீல அட்டை (சிடி3), சிலருக்குச் சிவப்பு அட்டை (சிடி4), சிலருக்கு இரண்டும். நீல அட்டை உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு காகித இழை தருவேன். கைதட்டியதும் இழையைத் தமது சிவப்பு அட்டையில் செருக வேண்டும், அடுத்தவரிடம் தரக்கூடாது. சிவப்பு அட்டை இல்லாதவர் இழையைக் கீழே போட்டுவிடுவார். செருகியவர் மட்டும் கை உயர்த்துவார். உயர்ந்த கைகளை எண்ணினால் அதுவே உதவி டி செல்களின் எண்ணிக்கை. தொடக்க வகுப்புகளில் டி.என்.ஏ. என்ற சொல் இல்லாமலேயே இதை 'இரண்டும் உள்ளவர் யார்?' என்ற கணித விளையாட்டாக நடத்தலாம்.

ஒரு செல்லைச் சரியாக அடையாளம் காண்பது, மருந்தை அந்தச் செல்லுக்கு மட்டும் அனுப்புவதற்கான முதல் படி. நலமான செல்களைக் காக்கும் வழி அது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.